பள்ளப்பாட்டு யசிந்தா

கொழும்புத்துறை யசிந்தா வென்றவற்றை அவளுடைய அக்கா சின்னத்தங்கம் வரிசை மாறாமல் சொல்லுவாள். யார் கேட்டாலும் ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

முதலாவது, நல்லூருக்குக் கிட்ட உள்ள சந்தையில், பரம்பரையாக வேறு கரைப் பெண்களே உட்கார்ந்துவந்த சீமெந்து மேடையில் ஒரு பாய் அகலம் இடம். இரண்டாவது, பெண் கால் வைக்கக்கூடாது என்றிருந்த சிறகுவலைக்குள் இறங்கி, நாலு வாடைக் காலம் தானே தடி நட்டுத் தானே மீன் அள்ளியது. மூன்றாவது, கடலேரி மீனை இனித் தொடுவதில்லை என்று இருந்த வீடுகளின் சட்டியில் திரும்பவும் மீன் கொதிக்க வைத்தது. நான்காவது, கைம்பெண்ணின் கையும் சீட்டுக் குடத்துக்குள் போகலாம் என்று வலைகாரர் சங்கத்தைக் கொண்டே சொல்ல வைத்தது. ஐந்தாவது, பள்ளிக்கூடப் படலையைத் தாண்டாதவள் முப்பத்துநாலு வயதில் தன் பெயரைத் தானே எழுதப் பழகியது.

முதல் நான்கையும் சொல்லும்போது சின்னத்தங்கத்தின் முதுகு நிமிரும். ஐந்தாவதைச் சொல்லி முடிக்கையில் பழையபடி வளைந்துவிடும்.

இருவரும் வலைகாரன் செபமாலையின் பிள்ளைகள். தாய் படுக்கையில் விழுந்தபோது மூத்தவள் ஐந்தாம் வகுப்போடு நின்றாள். இளையவள் தொடங்கவே இல்லை. அக்கா அடுப்பைப் பார்க்க, தங்கை கரையில் தகப்பனின் மீனைத் தெரிந்து பிரிக்கப் போனாள். அப்படி அவள் படித்தது மீனைத்தான்.

கொழும்புத்துறைக் கரையில் நின்று பார்க்கிறவனுக்குக் கடலேரி தட்டையாகக் கிடக்கும். இடுப்பளவு, மிஞ்சினால் நெஞ்சளவு தண்ணீர். இதற்குள் என்ன இருக்கப்போகிறது என்று தோன்றும். வாடைக் காற்று எழுந்தபின் ஒரு விடியலில் வலையின் பட்டியை, மீன் வந்து அடைபடும் கூட்டை, அவிழ்த்தால்தான் தெரியும். ஒட்டி, ஓரா, திரளி, மணலை, கிழக்கன், கீளி, காரல், முரல், விளை, கெளிறு, திருக்கை, அவற்றுக்கு நடுவே வயிற்றை ஊதிக்கொண்டு ஒரு பேத்தை, பெயரே இல்லாத விரல் நீளக் குஞ்சுகள். ஒரே கடகத்துக்குள் இத்தனை சாதி. மற்றவர்கள் விலையைப் பார்த்துப் பிரித்தார்கள். யசிந்தா சின்ன வயதிலேயே வாயைப் பார்த்துப் பிரித்தாள். ஓராவுக்கு முயல்வாய், அது சாதாளை என்ற கடற்புல்லைக் கொறிக்கும். மணலை சேற்றைச் சப்பித் துப்பும். காரலின் வாய் குழல்போல வெளியே நீளும். முரலுக்குக் கொக்கின் அலகு, உயிரோடு ஓடுகிறதைத்தான் பிடிக்கும். கெளிறு மீசையால் அடித்தரையைத் தடவி அகப்பட்டதை விழுங்கும். “வாயைக் காட்டச் சொல்லு அக்கா, சாப்பாட்டைச் சொல்லுறன்” என்பாள்.

அவளைக் கட்டியவன் அருட்பிரகாசம். அதிகம் பேசாதவன். அவனுக்குத் தம்பி ஒருவன், கிறகோரி. அவர்கள் தகப்பன் வழியில் கடலேரியில் ஒரு பாட்டு உரிமை இருந்தது. பாடு என்றால் சிறகுவலை நடுவதற்கென்று அளந்துவிட்ட கடல். ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபரில், செபமாலை மாதா திருநாளுக்கு அடுத்த ஞாயிறு, கோயில் முற்றத்தில் ஒரு மண்குடம் வைப்பார்கள். குடத்துக்குள் சிப்பிகள். ஒவ்வொரு சிப்பியிலும் ஒரு பாட்டின் குறி. வீட்டுக்கு ஒருவர் கையை விட்டு எடுத்த சிப்பிதான் அந்த ஆண்டின் சோறு. மூத்த மகன் எடுப்பான். அவன் செத்தால் அடுத்த தம்பி எடுப்பான். செத்தவனின் பெண்சாதிக்குப் பேச்சே இல்லை.

எண்பத்துமூன்றுக்குப் பிறகு, சண்டை தொடங்கி, பெரிய கடல் படிப்படியாகச் சாத்தப்பட்டது. இயந்திரம் பூட்டக்கூடாது, இந்த எல்லைக்கு அப்பால் போகக்கூடாது என்று தடைக்கு மேல் தடை. தொண்ணூறில் மிஞ்சியது கடலேரியின் கரையோரம் மட்டும். வலை படாத கடலில் மீன் பெருத்தது. தகப்பன் காலத்தில் கண்ட கொடுவாவும் பாலைமீனும் கரைவரை வந்து புரண்டன. மாவும் பருப்பும் மண்ணெண்ணெயும் இல்லாத ஊரில், கழுத்தெலும்பு தெரிய நின்ற சனம் கொழுத்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டு அருட்பிரகாசத்தின் கைக்குப் பள்ளப்பாடு வந்தது. அடியில் பள்ளமும் சாதாளையும் உள்ள நல்ல பாடு. மார்கழியில் ஒரு புகார்ப்பனி மூடிய காலை, வலை பார்க்கப் போனான். தண்ணீருக்கு மேலே வெடிச்சத்தம் கேட்டது. அடுத்த நாள் வள்ளம் மட்டும், பக்கத்தில் ஓட்டையோடு, அரியாலைப் பக்கம் ஒதுங்கியது. யார் சுட்டது என்று கரையில் ஆளுக்கொரு கதை. ஆளைக் கண்டவர் ஒருவருமில்லை.

கடலில் போனவனின் உடல் கிடைக்காவிட்டால், அவனுக்கு ஆத்தும பூசை வைக்கும்வரை அந்த வீட்டு அடுப்பில் மீன் ஏறாது. அந்தக் கரையின் வழக்கம் அது. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லத் தேவையுமில்லை. எல்லோரும் ஒரு மாதத்தில் பூசையை வைத்து, கறுப்பு உடுத்து, மீன் சட்டியைத் திரும்ப அடுப்பில் வைப்பார்கள். யசிந்தா வைக்கவில்லை. பூசை வைத்தால் அவன் செத்தவன். செத்தவனின் பாடு கிறகோரிக்கு. அவளிடம் இருந்ததோ அந்தப் பாடும், ஏழு வயது மகள் ஒருத்தியும்.

அடுத்த ஒக்டோபரில் முற்றத்தில் குடம் வைத்தார்கள். சங்கத் தலைவர் செபநாயகம் பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். “அருட்பிரகாசத்துக்குப் பதிலாய் கிறகோரி” என்றார். கிறகோரி எழும்ப முன்னமே யசிந்தா எழும்பிவிட்டாள்.

“ஏன் அண்ணை பதில்? அவர் செத்தவர் எண்டு ஆர் சொன்னது?”

“பிள்ளை, ஆள் வரேல்லையே.”

“வரேல்லைத்தான். செத்தவனுக்குப் பாடு இல்லை எண்டது சரி. வராதவனுக்கு இல்லை எண்டு எங்கை இருக்கு? உங்கடை மோன் கனடாவுக்குப் போய் எத்தினை வரியம்? அவன்ரை சிப்பியை நீங்கள்தானே எடுக்கிறியள்.”

முற்றம் சிரித்தது. செபநாயகம் மூக்கைச் சொறிந்தார். அந்தச் சிரிப்புத்தான் அன்றைக்குப் பாட்டை அவளுக்குக் கொடுத்தது. அருட்பிரகாசத்தின் பெயரில் சிப்பியைச் செபநாயகமே எடுத்துக் கொடுத்தார்.

கிறகோரி விடவில்லை. “அப்ப தடி நடுறது ஆர் மச்சாள்? கனடாவிலையிருந்து ஆள் வருமோ?”

“நான் நடுவன்.”

“சீலையோடையோ?”

“உன்ரை சாரத்தைத் தந்தால் சாரத்தோடை.”

நட்டாள். முதல் நாள் தடிகள் சாய்ந்தன; கரையில் நின்ற ஆண்கள் கைதட்டினார்கள். மூன்றாம் கிழமை கைதட்ட ஆளில்லை. சின்னத்தங்கம் கரையில் நின்று வலையின் ஒவ்வொரு கண்ணையும் பார்த்து, அறுந்ததைப் பொத்திக் கொடுத்தாள். ஒரு முடிச்சுப் பிசகினாலும் அவிழ்த்துத் திரும்பப் போடுகிற கை அவளுடையது.

மீன் வந்தது. வாங்கத்தான் ஆளில்லை. கடலேரியைக் கடக்கப் போன சனத்தில் எத்தனையோ பேர் கரை சேராத காலம். உள்ளூர் வீடுகள் மீனை விட்டுவிட்டன. கடகத்தோடு சந்தைக்குப் போனால் பெண்கள் மூக்கைப் பொத்தாத குறையாக விலகிப் போனார்கள். மற்ற மீன்காரிகள் கூவிக் கூவிக் களைத்தார்கள். யசிந்தா கூவவில்லை. வாழையிலையில் மீனை வாய் வாயாகப் பிரித்து வரிசை வைத்தாள். புல் தின்னி ஒரு வரிசை, சேறு சப்பி ஒரு வரிசை, உயிர் பிடிப்பது ஒரு வரிசை.

“மீனுக்கும் சாதகம் பாக்கிறாள்” என்றாள் பக்கத்தில் இருந்த ஒருத்தி. அவள்தான் பிறகு, சனம் யசிந்தாவின் பக்கம் குவியத் தொடங்கியதும், இவளுக்கு மேடையில் இடம் இல்லை என்று கடகத்தைக் காலால் தள்ளியவள். யசிந்தா வெறும் நிலத்தில் இருந்தே விற்றாள். கடைசியில் இடத்தைக் காட்டி வா என்று கூப்பிட்டதும் அதே ஒருத்தி. சனம் தன் பக்கமும் வரட்டும் என்றுதான்.

முதலில் வந்த சனம் பாலேஸ்வரி. நல்லூரில் வீடு, வெள்ளி செவ்வாய் மீன் தொடாதவள், மற்ற நாளில் மீனில்லாமல் சோறு இறங்காதவள். ஆசை ஒரு பக்கம், அருவருப்பு ஒரு பக்கமாக நின்றாள்.

“உதுகள் என்னத்தைத் திண்டு கொழுத்துதோ, ஆருக்குத் தெரியும்?”

யசிந்தா ஓர் ஒட்டியை எடுத்தாள். வயிற்றைக் கீறி இலையில் விரித்தாள். உள்ளே பச்சை.

“பாருங்கோ அம்மா. புல்லு. உங்கடை மாடு தின்னுறதுதான்.”

“அப்ப உது சைவம் எண்டுறாய்.”

“நீங்கள் சட்டியிலை போடும்வரைக்கும் சைவம்.”

பாலேஸ்வரி சிரித்துவிட்டாள். ஒட்டி வாங்கினாள். மறுநாள் இரண்டு பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாதியில் ஒன்றை யசிந்தா கீறிக் காட்டினாள். கெளிறையும் திருக்கையையும் அவள் காட்டவுமில்லை, விற்கவுமில்லை. அவற்றைச் சின்னத்தங்கம் உப்பிட்டுக் காயவைத்து அதே சந்தைக்குக் கொண்டுபோனாள். கெளிறு என்றால் குமட்டுகிற பாலேஸ்வரி கெளிற்றுக் கருவாட்டைப் புரட்டிப் பார்த்து, “கருவாடு எண்டால் பரவாயில்லை, வெய்யில் எல்லாத்தையும் எடுத்துப்போடும்” என்றாள்.

“நண்டு இல்லையோ பிள்ளை?” என்று ஒருநாள் அவளே கேட்டாள்.

“எங்கடை பாட்டிலை நண்டு படுகிறேல்லை அம்மா.”

சின்னத்தங்கம் பக்கத்தில் கருவாட்டைச் சீராக அடுக்கிக்கொண்டிருந்தாள். கை ஒருமுறை நின்றது. அதற்கு முதல் நாள் வலை பொத்தும்போது பட்டி நிறைய நண்டு கொறுகொறுத்ததை அவள் கண்டவள். நண்டுக் காலில் சிக்கிக் கிழிந்த கண்களைத்தான் அவள் பொத்தியதே.

அடுத்த விடியலில் கரையில் நின்று பார்த்தாள். யசிந்தா நெஞ்சளவு தண்ணீரில் பட்டியை அவிழ்த்தாள். மீனைக் கடகத்துக்குள் போட்டாள். நண்டுகளை ஒவ்வொன்றாகப் பின்பக்கம் பிடித்துத் தூக்கி, மற்றக் கையால் நெற்றியில் சிலுவை போட்டு, தண்ணீரில் விட்டாள். எறியவில்லை, படுத்திருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் எதையோ வைப்பதுபோல வைத்தாள். கெளிறை உப்பிட அக்காவிடம் தந்தவளுக்கு நண்டைத் தர மனம் வரவில்லை. கடலடியில் கிடக்கிறதை முதலில் தொடுவது நண்டு என்பது அந்தக் கரைக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறவனுக்கு ஏன் இந்தச் சிலுவை என்று சின்னத்தங்கம் கேட்கவில்லை. கேட்டால் தங்கை பதில் சொல்லவேண்டி வரும். சொன்னால் பாடு போய்விடும்.

அவளும் மகளும் மீன் தின்னவில்லை என்பது முழு உண்மையல்ல. மகள் பெரியம்மாவின் வீட்டில் தின்றாள். சின்னத்தங்கத்தின் அடுப்பு வேறு அடுப்பு. யசிந்தா முருங்கையிலையும் கஞ்சியுமாக ஐந்து ஆண்டு இருந்தாள். கையில், தலைமயிரில், சீலையில், பாயில் மீன் மணக்கும். சட்டியில் மட்டும் மணக்காது.

தொண்ணூற்றிரண்டில் பீரங்கிச் செல் விழுந்து சிமியோன் என்ற வலைகாரன் செத்தான். வீட்டுவாசலில் செத்தான், உடல் இருந்தது, பூசை நடந்தது, எல்லாம் முறைப்படி. அவன் பெண்சாதி கைப்பிள்ளையோடு முற்றத்தின் ஓரத்தில் நின்றாள். சிமியோனுக்குத் தம்பி இல்லை. எங்கேயோ இருந்த ஒன்றுவிட்ட தம்பியை எழுப்பினார்கள். மறுபடியும் யசிந்தா எழும்பினாள்.

“உவளின்ரை பிள்ளையைத் தூக்கி வளர்க்க உந்தத் தம்பி வருவாரோ? சிப்பிக்கு மட்டும் வருவாரோ?”

“பொம்பிளையள் கை விட்டால் குடம் தீட்டு எண்டு சனம் சொல்லும்” என்றார் செபநாயகம்.

“குடம் வனைஞ்சது ஆர் அண்ணை? தண்ணி அள்ளி வைக்கிறது ஆர்? சிப்பி பொறுக்கினது என்ரை மோள்.”

மூன்று மணித்தியாலம் கதைத்தார்கள். முடிவில் கைம்பெண் தன் புருசனின் பாட்டைத் தன் பெயரிலேயே வைத்திருக்கலாம் என்று சங்கம் ஒத்துக்கொண்டது. அன்றைக்கு மூன்று கைம்பெண்கள் குடத்துக்குள் கையை விட்டார்கள். செபநாயகம் இளகிப்போய், “நீயும் கைம்பெண் எண்டு வை பிள்ளை, உன்ரை பேரிலையே எழுதுறன்” என்றார்.

“நான் கைம்பெண் இல்லை அண்ணை. அவளவைக்காகக் கதைச்சனான்” என்றாள் யசிந்தா.

அந்த ஆண்டும் சங்கப் புத்தகத்தில் அருட்பிரகாசத்தின் பெயருக்கு நேரே கையெழுத்து இடம் வெறுமையாகவே கிடந்தது.

அந்த வெறுமை அவளை என்னவோ செய்தது. எழுதப் பழகத் தொடங்கினாள். நிவாரண அட்டைக்கு எத்தனையோ முறை பெருவிரலை மையில் தோய்த்தவள். சின்னத்தங்கம் சொல்லித்தர வந்தபோது, “நீ பிழை பிடிப்பாய்” என்று விலக்கிவிட்டாள். மகளிடம் கேட்டுக்கொண்டு, மீன் வெட்டுகிற பலகையில் கத்தி நுனியால் கீறினாள். ‘ய’ வந்தது. ‘சி’யின் வளைவு வர ஒரு மாரி போனது. ‘ந்’ எப்போதும் சரிந்தே நின்றது. முழுப்பெயரும் வந்த அன்று, பலகையைத் திருப்பி வைத்து அக்காவைக் கூப்பிட்டாள். சின்னத்தங்கம் பிழை தேடினாள். இல்லை.

“இனி அட்டைக்குக் கையெழுத்து வையன்.”

“மாட்டன். முதல் கையெழுத்துப் பாட்டுக்கு. அவர் வந்து தன்ரை பேரைப் போடேக்கை, பக்கத்திலை நானும் போடுவன்.”

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் சண்டை ஓய்ந்தது போல இருந்து, சித்திரையில் பழையபடி மூண்டது. வெளிநாடு போனவர்களின் பாடுகளைச் சொந்தக்காரர் கூலிக்கு விடுகிறார்கள் என்று இளைஞர்கள் கொதித்தார்கள். நியாயமான கொதிப்புத்தான். ஒக்டோபர் ஞாயிறு முற்றத்தில் சங்கம் புதிய சட்டம் சொன்னது. முற்றத்தில் நிற்கிறவனுக்கே பாடு. நிற்காதவனின் பாடு தம்பிக்கு. எடுத்தவர் எடுத்த இடத்திலேயே கையெழுத்து வைக்கவேண்டும். முதலில் செபநாயகத்தின் மகனின் பெயரை வெட்டினார்கள். இரண்டாவது அருட்பிரகாசம்.

யசிந்தா எழும்பினாள். “அவர் போனது கனடாவுக்கில்லை. கடலிலை இருந்து வரேல்லை. பிடிச்சு எங்கையாவது வைச்சிருக்கலாம்.”

அப்படித் திரும்பி வந்தவர்களும் இருந்தார்கள். சிலர் தலையாட்டினார்கள். அப்போதுதான் கிறகோரி எழும்பினான். நாலு பிள்ளைக்காரன், போன வாடை முழுக்க யசிந்தாவின் பாட்டுக்கு அடுத்த பாட்டில் கூலிக்கு நின்றவன்.

“சபையிலை ஒரு கேள்வி. மச்சாளின்ரை பாட்டிலை நண்டு படுமோ, படாதோ?”

“கடலேரியிலை நண்டு படாத பாடு இருக்கோடா” என்றார் ஒருவர்.

“அப்ப மச்சாளிட்டை ஏன் ஒரு நாளும் நண்டு இல்லை? நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான். ஒவ்வொண்டாய்த் தூக்கி, சிலுவை போட்டு, திருப்பி விடுறா. அண்ணை உயிரோடை இருக்கிறார் எண்டால் நண்டுக்கு ஏன் சிலுவை? எனக்குச் சொல்ல வேண்டாம். மாதாவைப் பாத்துச் சொல்லச் சொல்லுங்கோ.”

 அவன் குரலில் வெற்றி இல்லை; கடைசிச் சொற்களில் அது உடைந்துவிட்டது. அவனுக்கும் அது அண்ணன்தானே. யசிந்தா மாதாவின் சுரூபத்தைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். பிறகு செபநாயகத்தின் பக்கம் திரும்பினாள்.

“அண்ணை, கைம்பெண் எண்டால் பாடு ஆருக்கு? சட்டத்தைச் சொல்லுங்கோ.”

“கைம்பெண்ணுக்கு.”

“அப்ப சுவாமியின்ரை புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கோ.”

 தன் வாயாலேயே அண்ணனையும் இழந்து பாட்டையும் இழந்தது கிறகோரிக்குப் புரிய ஒரு கணம் எடுத்தது.

பங்குச் சுவாமியார் கோயிலின் மரணப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். அருட்பிரகாசத்தின் பெயரை எழுதி, ‘கடலில்’ என்று எழுதி, மனைவியின் ஒப்பத்துக்கு இடம் காட்டினார். கோயில் மூப்பர் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். யசிந்தா அதைப் புறங்கையால் ஒதுக்கினாள்.

“எனக்கு எழுதத் தெரியும்.”

பேனையைக் கத்திபோலப் பிடித்தாள். தாள் கிழிந்துவிடும் என்று சின்னத்தங்கம் பயந்தாள். கிழியவில்லை. யசிந்தா. ஒரு வளைவும் குறையவில்லை, ‘ந்’ கூட அன்றைக்கு நேராக நின்றது. எழுத்தில் ஒரு பிழையாவது இருந்திருக்கக்கூடாதா என்று சின்னத்தங்கம் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான் நினைத்தாள். பிறகு யசிந்தா குடத்துக்குள் கையை விட்டாள். வந்த சிப்பியில் பள்ளப்பாட்டின் குறி இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஆத்தும பூசை. பூசை முடிந்து வந்தவள் கறுப்புச் சீலையோடு அடுப்படியில் இருந்து, “அக்கா, நண்டு வை” என்றாள். சின்னத்தங்கம் வைத்தாள். முருங்கையிலை போட்டு, உறைப்பாக. யசிந்தா ஒவ்வொரு காலாக உடைத்து, ஒன்றையும் மிச்சம் விடாமல், நிமிராமல் தின்றாள். சின்னத்தங்கத்தின் கை சட்டிக்குள் போகவில்லை.

அடுத்த கிழமை வடக்கிலிருந்து பீரங்கிச் சத்தம் நெருங்கியது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே யசிந்தா தன் பெயரிலான பாட்டில் தடி நட்டு முடித்தாள். வலை கட்ட முன்னம், மாதக் கடைசியில் எல்லோரும் வெளிக்கிடும்படி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊர் முழுக்க மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் சனம் நெருக்கி அடைத்து நின்றபோது யசிந்தா கடலேரியின் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. தடிகள் நிற்கும். மீன் தன்பாட்டுக்கு வரும், எல்லாச் சாதியும்.

அகதிகள் இருந்த பள்ளிக்கூடத்தில் பெயர் பதிந்தார்கள். வரிசையில் பெருவிரல் நீட்டியவர்களுக்கு நடுவே யசிந்தா பேனையைக் கேட்டு வாங்கி, கடகடவென்று எழுதிவிட்டுப் போனாள். பதிந்துகொண்டிருந்த ஊர்ப் பெண் நிமிர்ந்து பார்த்து, “உங்கடை தங்கச்சி எப்ப எழுதப் பழகினவ அக்கா?” என்று சின்னத்தங்கத்திடம் கேட்டாள்.

பழகியதற்குத் திகதி இல்லை. அது ஒரு பலகையில் மாரி மாரியாக நடந்தது. கையெழுத்து வைத்ததற்குத்தான் திகதி உண்டு. அதைச் சின்னத்தங்கம் அவளுக்கும் சொன்னாள், பிறகு கேட்ட எல்லோருக்கும் சொன்னாள்: ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, ஒக்டோபர் மாதம், எட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.